கடைசி வரிசை வரை போன நெல் மூட்டை

அந்த மாநாட்டில் பேச நான் பெயர் கொடுத்ததற்குக் காரணம் கோபம். தைரியம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் உண்மையில் அது எங்கள் முதலாளி மேல் வந்த கோபம்தான்.

தில்லைநகரில் ஒரு மாடியில் ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டிப் போய் வருகிறவள். இரண்டு வருடமாக ஒரே ஒரு செயலியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். லால்குடிப் பக்கத்து விவசாயிகள் கொஞ்சம் பேர் கூட்டாகச் சேர்ந்து நெல் விற்கிறார்கள். களத்துக்கு வருகிற மூட்டைகளை அங்கேயே போனில் பதிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. பாதிக் களங்களில் சிக்னல் வராது என்பது அவர்கள் சொல்லாமல் விட்டது. அதை நான் நேரில் போய் நின்று, போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால் என் செயலிக்கு இணையம் தேவையில்லை. ஒரு போனில் பதிந்ததைப் பக்கத்தில் இருக்கும் போன் தானாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதனிடமிருந்து அடுத்த போன் வாங்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, யாராவது ஒருவருடைய போன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்துவிட்டால் போதும், எல்லாப் பதிவும் எங்களிடம் வந்து சேர்ந்துவிடும். மூட்டை ஏற்றிப் போகும் லாரி டிரைவர் டீ குடிக்க லால்குடியில் நிறுத்தினால் அன்றைய கணக்கு முடிந்தது.

முதலாளிக்கு இது பிடிக்காமல் இல்லை. பிடித்ததுதான் பிரச்சினை, பாராட்டிவிட்டுக் கைவிடப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இப்ப ஊரெல்லாம் ஃபைவ் ஜி வந்துருச்சு. இன்னும் யாரு சிக்னல் இல்லாம இருக்கா? வெளிய ரெடிமேடா ஒண்ணு கிடைக்குது. அதையே வாங்கிக் குடுத்துட்டு நாம அடுத்த வேலையப் பார்ப்போம்."

இதை அவர் சொன்னது ஏசி அறையில், முழு சிக்னலில் உட்கார்ந்துகொண்டு. எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் "வீட்லேருந்தே பாருங்க" என்று சொல்கிற மனிதர். அவரை வேறு யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நான் குறை சொல்வது வேறு விஷயம்.

"இது ஓடும் சார். எத்தனை போன் இருந்தாலும் ஓடும்" என்றேன்.

"நம்ம ஆபீஸ்ல நாலு போன்ல ஓடுது. அறுவடை சமயத்துல அத்தனை களத்துலயும் ஓடுமா?"

அந்த வாரம்தான் திருச்சியில் மென்பொருள் எழுதுகிறவர்களின் மாநாடு ஒன்று நடக்கப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பெயரைப் பதிவு செய்தேன். "அங்க வாங்க சார். அரங்கம் முழுக்க எல்லார் போன்லயும் ஓட்டிக் காட்டறேன். அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரி வரேன். ஓடலேன்னா திங்கக்கிழமை அந்த ரெடிமேடுக்கு சரின்னு சொல்லிடுவேன்" என்றார். இரண்டு வருட வேலை ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் வந்து நின்றது.

மாநாட்டுக்காரர்கள் எனக்குக் கொடுத்தது சாப்பாட்டுக்கு அடுத்த நேரம். தயிர் சாதம் உள்ளே போனபின் யார் பேசினாலும் அது தாலாட்டுதான். நான் தமிழில் பேசுவதாக எழுதியிருந்தேன். ஒருங்கிணைப்பாளர் போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஸ்லைடாவது இங்கிலீஷ்ல இருக்குங்களா மேடம்?"

"புரோகிராம் கோடு இங்கிலீஷ்லதாங்க இருக்கும். அதை மட்டும் மாத்த முடியல" என்றேன்.

ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் அரங்கம். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். கழுத்தில் அட்டை, முதுகில் மடிக்கணினிப் பை, பை முழுக்க ஸ்டிக்கர். காலையில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் பயிற்சி வகுப்பு எடுத்தார். பெரிய பேச்சாளர், அவருக்காகவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். அவர் மேடையேறி வணக்கம் சொன்னார். பிறகு, "எல்லாரும் திரையில் இருக்கிற இதை டவுன்லோடு பண்ணிக்குங்க, ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

அரங்கமே ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தியது. வை-ஃபை அந்த நிமிடமே படுத்துவிட்டது.

எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்டால் எந்த சர்வரும் தாங்காது, தோற்றால் உடனே மறுபடி அழுத்தாதே, கொஞ்சம் பொறு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர்கள் இவர்கள்தான். அத்தனை பேரும் மறுபடி அழுத்தினார்கள். மறுபடியும் அழுத்தினார்கள். கல்லூரியின் நெட்வொர்க் ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தடித்த சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்த அரங்கத்துக்குள் செல்போன் சிக்னலும் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம், எல்லார் கையும் வானத்தைப் பார்த்து. லால்குடிக் களத்தில் நான் நின்ற அதே நிற்பு.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாவம், அந்த பெங்களூர்க்காரர் மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான் கீழே உட்கார்ந்து மனசுக்குள் விசில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இதைவிட நல்ல முன்னுரையை எனக்கு யார் எழுதித் தர முடியும்?

சாப்பாட்டு வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற மாணவிகள் இரண்டு பேருக்கு என் போனிலிருந்தே செயலியை அனுப்பினேன். சினிமாவைப் போனுக்குப் போன் கைமாற்றிப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சாம்பார் சாதம் தீர்வதற்குள் அரங்கத்தில் பெரும்பாலான போனில் ஏறிவிட்டது. என் செயலி ஐபோனில் ஓடாது. ஐபோன் வைத்திருந்தவர்கள் அன்று ஒருநாள் வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளி சொன்னபடி வந்தார். அவரும் ஐபோன்காரர். ஆபீஸில் நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும், மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட மலிவுப் போனை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சீக்கிரம் கிளம்புவதற்கு வசதியாக.

மேடை ஏறி வணக்கம் சொன்னேன். களத்தைப் பற்றிச் சொன்னேன், லாரியைப் பற்றிச் சொன்னேன். "காலையில நீங்கள்லாம் வேப்பமரத்தடியில நின்னீங்களே, களத்துல உள்ளவங்க அறுவடை முழுக்க அப்படித்தான் நிக்கறாங்க" என்றபோது நல்ல சிரிப்பு வந்தது, தூக்கமும் கலைந்தது. பிறகு சொன்னேன்: "இப்ப எல்லாரும் செயலியத் திறந்து ஒரே ஒரு பதிவு போடுங்க. விவசாயி பேரு, ஊரு, எத்தனை மூட்டை. வரிசை வரிசையா போனுக்குப் போன் தாண்டி எல்லாப் பதிவும் கடைசி வரிசைக்குப் போகணும். முன்னாடி என் திரையிலயும் எண்ணிக்கை ஏறும். பாருங்க."

எல்லாரும் குனிந்து தட்டினார்கள். திரையில் எண் ஏறத் தொடங்கியது. பத்து, இருபது, முப்பது. முப்பத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டது.

இருநூறு போனுக்குமேல் செயலி ஏறியிருந்த அரங்கம். நான் காத்திருந்தேன். எண் அசையவில்லை. "வந்துரும், கொஞ்சம் பொறுங்க" என்றேன். வரவில்லை. கடைசி வரிசையில் முதலாளி போனை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை என் கண்முன்னால் வந்து நின்றது.

என்னதான் வந்திருக்கிறது என்று பட்டியலைத் திறந்து திரையில் காட்டினேன். அரங்கம் வெடித்துச் சிரித்தது.

விவசாயி பெயர்: டெஸ்ட். ஊர்: டெஸ்ட். மூட்டை: ஒன்று. அதற்குக் கீழே டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு, ஏபிசி, விசைப்பலகையில் விரல் போன போக்கில் விழுந்த எழுத்துகள். மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு காலிப் பெட்டியைக் கொடுத்தால் அவர்கள் 'டெஸ்ட்' என்றுதான் நிரப்புவார்கள். எங்கள் சாதிப் பழக்கம் அது, எந்த ஊரில் போய்ப் பார்த்தாலும் மாறாது.

என் செயலி அதை எப்படிப் பார்த்தது என்றால், ஒரே பதிவு நாலு போன் வழியாக நாலு தடவை வந்து சேரும், அதை நாலாக எண்ணிவிடக் கூடாது. அதனால் தேதி, பெயர், ஊர், மூட்டை எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஒரே பதிவு, மீதியைத் தள்ளிவிடு என்று எழுதியிருந்தேன். அரங்கத்தில் இருந்த அத்தனை டெஸ்டும் சேர்ந்து ஒரே டெஸ்ட் ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நெல்லு மூட்டை கொண்டு வர்றவருக்கு யாராவது டெஸ்ட்டுன்னு பேர் வைப்பாங்களாங்க? ஒழுங்கா ஒரு மனுஷன் பேரைப் போடறதுல என்ன கஷ்டம்?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். மறுபடியும் சிரிப்பு.

நடு வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். முக்காடு போட்டிருந்தாள், என் வயதுதான் இருக்கும். காட்டூரில் இருந்துகொண்டு மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவதாகச் சாப்பாட்டு வரிசையில் சொல்லியிருந்தவள்.

"ஒழுங்கான பேரைப் போட்டாலும் இதேதாங்க நடக்கும்" என்றாள்.

"எப்படிங்க?"

"எங்க நன்னி, அத்தாவைப் பெத்தவங்க, அவங்க பேரைத்தான் எங்க வீட்டுப் பேத்திங்க எல்லாருக்கும் வச்சிருக்கு. அத்தா பொறந்த வீட்டுல அஞ்சு பேர் ஒரே பேரு, என்னையும் சேர்த்து. ஒரே தெரு. ஆஸ்பத்திரி வேலை ஆரம்பிச்சப்ப நானும் இப்படித்தான் பேரையும் ஊரையும் வச்சு ஆளைக் கண்டுபிடிச்சேன். என் சாச்சா, அத்தாவோட தம்பி, அவர் பொண்ணோட ரத்தப் பரிசோதனை என் பேர்ல வந்து நின்னுச்சு. உங்க லால்குடில தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்க மாட்டாங்களா?"

எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டிலேயே என் அண்ணனுக்கும் இரண்டு சித்தப்பா பையன்களுக்கும் தாத்தா பெயர். கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள் என்று பெரியவன், நடுவுள்ளவன், சின்னவன் என்றே கூப்பிட்டு வளர்த்தோம். இத்தனை தெரிந்தும் இரண்டு வருடமாக இது எனக்கு உறைக்கவில்லை. தாத்தா பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று. நிலத்தையும் சமமாகப் பிரித்திருந்தால் மூட்டையும் ஒன்றாகிவிடும். ஒருவருடைய நெல் வந்து சேரும், இன்னொருவருடைய நெல் சத்தமில்லாமல் காணாமல் போகும். அவர் வந்து கேட்டால், வரவே இல்லை என்று என் செயலி அடித்துச் சொல்லும்.

முதலில் முகம் சிவந்தது. ஆனால் உடனே எனக்குள் ஒன்று துள்ளியது. இது அறுவடையில் தெரியவில்லை, இங்கே தெரிந்திருக்கிறது! "நூத்துக்கு நூறு நீங்க சொல்றது சரி. வாங்க, இப்பவே சரி பண்ணிடுவோம்" என்று செயலியின் புரோகிராமைத் திரையில் திறந்தேன்.

அதற்குப்பின் அது என் பேச்சாக இல்லை. இனிஷியலைச் சேருங்கள் என்று ஒரு குரல் வந்தது. "என் ரெண்டு சாச்சா பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது, பொண்ணுங்களுக்கு இனிஷியலும் ஒண்ணுதான்" என்று அவள் அங்கிருந்தே வெட்டினாள். போன் நம்பரை வையுங்கள் என்றது இன்னொரு குரல். பாதி விவசாயிகள் சென்னையில் இருக்கும் மகன் நம்பரைத்தான் கொடுக்கிறார்கள் என்றேன். கடைசியில் அவள்தான் மேடைக்கே வந்து, தன் மருத்துவமனையில் செய்ததைச் சொன்னாள். ஆளைப் பார்க்காதே, பதிவைப் பார். ஒவ்வொரு பதிவும் எழுதப்படும்போதே அந்தப் போன் அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிடட்டும், வேறு எந்தப் போனும் கொடுக்க முடியாத எண். அது எத்தனை கை மாறினாலும் எண் மாறாது. எண் ஒன்றானால்தான் பதிவு ஒன்று.

நான் தட்டினேன், அவள் பக்கத்தில் நின்று படித்தாள். பிழை விட்டால் கீழிருந்து சத்தம் வந்தது. பெங்களூர்க்காரர் எழுந்து, "ஏற்கெனவே போட்ட பதிவுகளுக்கு நம்பர் இல்லையே, அதை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நான் யோசிக்காத கேள்வி. அதற்கும் சேர்த்து எழுதினோம்.

என் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த பேச்சும் பெங்களூர்க்காரருடையதுதான். ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தபோது அவரே கையமர்த்தினார். "என் நேரத்தையும் நீங்களே எடுத்துக்குங்க. நெட் இல்லாம எனக்கு இங்க வேலை இல்லை. இதுதான் இன்னைக்கு ஓடப்போற ஒரே டெமோ." அந்த வார்த்தைக்காக நான் காலையில் அடித்த விசிலையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

புதுச் செயலி தயாரானது. அதற்கு வேண்டியது எல்லாவற்றையும் மடிக்கணினியிலேயே இறக்கி வைத்திருப்பது என் வழக்கம், வை-ஃபை படுத்தால் எனக்கென்ன? முதல் வரிசைக்குக் கொடுத்தேன். அவர்கள் பின்னால் திரும்பி இரண்டாம் வரிசைக்குக் கொடுத்தார்கள். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

எல்லாரிடமும் ஏறியதும் மைக்கைப் பிடித்தேன். "இப்ப எல்லாரும் ஒரே பேரு போடுங்க. பேரு டெஸ்ட், ஊரு டெஸ்ட், மூட்டை ஒண்ணு. யாராவது ஒழுங்கான பேரு போட்டீங்கன்னா வெளிய அனுப்பிடுவேன்."

ஆரவாரமாகத் தட்டினார்கள். "இன்ஷா அல்லாஹ், இப்ப வரும்" என்று அவள் என் காதோரம் சொன்னாள். எண் ஏறியது. முப்பதைத் தாண்டியது. நூற்றைத் தாண்டியபோது கைதட்டல் ஆரம்பித்தது. இருநூற்றைத் தாண்டியபோது சில பேர் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். ஆனால் அது என் திரை, முன்வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் திரை. போகவேண்டிய இடம் கடைசி வரிசை.

"சார், உங்க போன்ல எத்தனை?" என்று கேட்டேன்.

அரங்கமே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த விரிசல் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கீழே தள்ளினார், மேலே தள்ளினார். ஒருவழியாக எழுந்து நின்று, என் திரையில் இருந்த அதே எண்ணைச் சொன்னார்.

கூரை அதிர்ந்தது. நான் மேடையிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம்.

சத்தம் அடங்கியதும் அவள் மைக்கை வாங்கி, "இந்தப் புரோகிராம் கோடை நாங்களும் எடுத்துக்கலாமா? எங்க மருத்துவ முகாம்லயும் சிக்னல் இருக்காது" என்று கேட்டாள். கோடு கம்பெனியுடையது. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டே, "தாராளமா எடுத்துக்குங்க. ஆனா இன்னைக்கு சொன்ன மாதிரி ஏதாவது தப்பு இருந்தா எங்ககிட்ட சொல்லிடணும்" என்றார். என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்த ரெடிமேடுகாரங்களுக்கு வேணாம்னு சொல்லிடறேம்மா" என்றார். திங்கட்கிழமை வரைக்கும் அவரே பொறுக்கவில்லை.

குறுவை அறுவடை வந்தது. செயலி முதன்முறையாக நிஜக் களத்துக்குப் போனது. முதல் வாரத்தில் ஒருநாள் ஆபீஸில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் கை நின்றது. ஒரே களம், ஒரே தேதி. மேலும் கீழுமாக இரண்டு வரி. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, மூட்டையும் ஒன்று. தனி எண் மட்டும் வேறு வேறு. தவறுதலாக இரண்டு முறை பதிந்துவிட்டார்களோ என்று பயந்துபோய், களத்துக்காரர் சிக்னலுக்கு வருகிற நேரம் பார்த்துப் போன் போட்டேன்.

"ரெண்டு தடவை எழுதிட்டீங்களாங்க?"

"இல்லீங்களே. அது ரெண்டு ஆளுங்க. பங்காளிங்க. ரெண்டு பேருக்கும் தாத்தா பேரு. பாகம் பிரிச்சதுலேருந்து ரெண்டு பேருக்கும் விளைச்சலும் ஒண்ணாத்தான் வரும். ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறாங்க, ஏதும் பிரச்சினைங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு பேரோட நெல்லும் வந்து சேர்ந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.